மலைநாட்டு ஒளியிழைத் தடத்துக்கு எந்தப் பண்பேற்றம்?

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியை ஒட்டி ஓர் ஒளியிழைக் கேபிள் செல்வதாக வைத்துக்கொள்வோம். தூண்களில் சுருட்டிக் கட்டிய உபரி நீளத்தையும் சேர்த்தால் அது சுமார் 75 கிலோமீற்றர் வரும். இன்று அதில் ஓர் அலைநீளத்துக்குச் செக்கனுக்கு 10 கிகாபிட் வீதம் தரவு போகிறது, அது போதவில்லை. புதிய கேபிள் இழுக்கும் செலவை யாரும் ஏற்கப் போவதில்லை என்பதால், இருக்கிற இழைக்குள் அனுப்பும் ஒளியில் தரவை எந்த முறையில் ஏற்றுவது, அதாவது எந்தப் பண்பேற்ற வடிவத்தைத் தெரிவுசெய்வது என்பதே முடிவெடுக்க வேண்டிய விடயமாகிறது. விற்பனையாளர்களின் விலைப்பட்டியல் இந்த வடிவங்களை வேகத்தின் வரிசையில் அடுக்கிவைத்து, கடைசியில் இருப்பதே சிறந்தது என்ற எண்ணத்தை நமக்குள் விதைத்துவிடுகிறது. மலையகத்துக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இங்குள்ள தடங்களில் நிறமாலைக்கு, அதாவது புதிய அலைநீளங்களை வைக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை; டெசிபெலுக்குத்தான், அதாவது ஒளியின் வலுவிலும் தூய்மையிலும் கையிருக்கும் மிச்சத்துக்குத்தான் பஞ்சம். ஆகவே எதைச் செலவழித்து எதைச் சேமிக்கிறோம் என்பதை வைத்தே வடிவங்களை ஒப்பிட வேண்டும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 10 கிகாபிட் முறையிலிருந்தே தொடங்குவோம். ஒளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். இரவில் ஒரு தோட்டத்து மேட்டிலிருந்து எதிர்மலைக்கு டோர்ச் அடித்துச் செய்தி சொல்வதற்கும் இதற்கும் கொள்கையளவில் வேறுபாடு இல்லை. ஒரு குறியீட்டில் ஒரு பிட் மட்டுமே போகும். ஏற்பி என்பது ஓர் ஒளியுணரியும் சிறிது மின்சுற்றும்தான் என்பதால் கருவி மலிவானது. ஒன்று, ஒன்றரை வாற்று மின்சாரமே போதும். ஆனால் 1550 நனோமீற்றர் பகுதியில் சாதாரண ஒற்றைமுறை இழையின் நிறப்பிரிகை (வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் துடிப்பு அகன்றுபோவது), ஒரு கிலோமீற்றருக்கு ஒரு நனோமீற்றர் அகலத்தில் சுமார் 17 பைக்கோசெக்கன். 10 கிகாபிட்டில் இந்தப் பிரிகையை 80 கிலோமீற்றர் அளவுக்குத் தாங்கலாம். அதற்குமேல் ஈடுசெய்யும் இழைச்சுருளை இடையில் வைக்க வேண்டும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் தாங்கும் தூரம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதால், இதே முறையில் 40 கிகாபிட் அனுப்பினால், ஈடுசெய்யாத இழையில் ஐந்து கிலோமீற்றரைத் தாண்டுவதே அரிது. டோர்ச்சை வேகமாக அடித்துக்கொண்டே போகும் வழி அத்தோடு அடைபட்டுவிட்டது.

அடுத்த தெரிவு பாம்-4. ஒளியை அணைத்து ஏற்றுவதற்குப் பதிலாக நான்கு பிரகாச நிலைகளில் அனுப்பினால் ஒரு குறியீட்டில் இரண்டு பிட் போகும். 2017இல் வெளியான 400 கிகாபிட் ஈதர்நெட் தரம் இதை ஏற்றுக்கொண்ட பின், தரவு மையங்களுக்குள் இது பரவிவிட்டது. ஆயினும் அதே உச்ச வலுவுக்குள் மூன்று இடைவெளிகளைத் திணிப்பதால் ஒவ்வோர் இடைவெளியும் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. ஒளி வலுவில் இது ஏறத்தாழ 4.8 டெசிபெல் நட்டம். 1310 நனோமீற்றரில், நிறப்பிரிகை பூச்சியத்தை நெருங்கும் இடத்தில், ஒரே அலைநீளத்தில் 100 கிகாபிட்டைப் பத்துக் கிலோமீற்றர் கொண்டுசெல்ல இது மிக நல்ல வழி. கண்டி நகருக்குள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மலையேறும் தடத்துக்கோ இது ஒத்துவராது. 1550 பகுதியில் பெருக்கிகளோடு 80 கிலோமீற்றர் வரை இதை ஓட்டும் கருவிகளும் வந்தன என்றாலும், அவற்றுக்குத் துல்லியமான பிரிகை ஈடும், சுமார் 30 டெசிபெல் ஒளிச் சமிக்ஞை இரைச்சல் விகிதமும் வேண்டும். அவ்வளவு தூய்மையான தடம் நம்மிடம் இல்லை.

இடையில் 40 கிகாபிட் காலத்தில், அடுத்தடுத்த குறியீடுகளின் அவத்தை (அலை தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது) வேறுபாட்டை மட்டும் அளக்கும் வடிவங்கள் சில வந்தன. இன்று புதிதாக வாங்குபவர் அவற்றைக் கருத்திற் கொள்ளத் தேவையில்லை.

உண்மையான தெரிவு, கொஹீரன்ட் என்று நாம் அன்றாடம் அழைக்கும் ஒத்திசைவு ஏற்பு முறைக்குள்தான் இருக்கிறது. வந்துசேரும் ஒளியோடு ஏற்பியிலேயே உள்ள ஒரு லேசரின் ஒளியைக் கலந்து, வீச்சம், அவத்தை, முனைவாக்கம் (அலை அதிரும் திசை) ஆகிய மூன்றையும் அளந்து, அந்த அளவுகளை எண்களாக மாற்றி, மிகுதி வேலையை ஒரு சில்லிடம் ஒப்படைத்துவிடுவது இதன் சாரம். 1980களிலேயே ஆய்வுகூடங்களில் இது செய்து பார்க்கப்பட்டது. 1987இல், ஒளியை ஒளியாகவே பெருக்கும் எர்பியம் பெருக்கி வந்ததும் அன்றைய தேவை குறைந்து ஒதுங்கிக்கிடந்தது. போதிய வேகமுள்ள இலக்கமுறைச் சில்லுகள் உருவான பிறகே, 2008 தொடக்கம் வணிகக் கருவியாக மீண்டும் எழுந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. நிறப்பிரிகையைச் சில்லு கணித்தே நீக்கிவிடுவதால் ஈடுசெய்யும் இழைச்சுருள்கள் தேவையற்றுப் போகின்றன. அவை விழுங்கிய டெசிபெல்களும் நமக்குத் திரும்பக் கிடைக்கின்றன. பழைய இழைகளில் 10 கிகாபிட்டையே சில வேளைகளில் தடுமாற வைத்த முனைவாக்கப் பிரிகையையும் இதே சில்லு சமாளிக்கிறது.

இந்த முறைக்குள் முதலாவது, இரட்டை முனைவாக்க கியூ.பி.எஸ்.கே. அலையின் அவத்தை 90 பாகை இடைவெளியில் நான்கு நிலைகளுள் ஒன்றை எடுக்கும். அது இரண்டு பிட். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கங்களிலும் அதையே செய்தால் குறியீட்டுக்கு நான்கு பிட். சுமார் 30 கிகாபோட் குறியீட்டு வேகத்தில், அதாவது செக்கனுக்கு 30 பில்லியன் குறியீடுகளில், பிழைதிருத்தப் பிட்டுகள் போக 100 கிகாபிட் ஓடி, ஓர் அலைநீளத்துக்கு ஒதுக்கும் 50 கிகாஹேர்ட்ஸ் பாதை ஒன்றுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது 16-குவாம். அவத்தையோடு வீச்சத்தையும் மாற்றிப் பதினாறு நிலைகள் வைப்பதால் இரு முனைவாக்கங்களிலும் சேர்த்துக் குறியீட்டுக்கு எட்டு பிட். அதே 30 கிகாபோட்டில் 200 கிகாபிட். 60 கிகாபோட்டில் 400 கிகாபிட். 400 இசட்.ஆர். என்ற பெயரில் 2020இல் தரப்படுத்தப்பட்டு, இன்று ரவுட்டரின் வாயிலேயே நேராகச் செருகக் கூடியதாக வரும் கருவி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. பெருக்கியுள்ள தடத்தில் 120 கிலோமீற்றர் வரை அதன் இலக்கு.

ஏற்பி தனக்குக் கிடைத்த குறியீடுகளைத் திரையில் புள்ளிகளாகக் காட்டும்போது, இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒரே முற்றத்தில் நான்கு புள்ளி வைத்த கோலமும் பதினாறு புள்ளி வைத்த கோலமும் போல. மார்கழிப் பனி ஈரத்தில் மாவு சற்றுக் கலைந்தாலும் நான்கு புள்ளியை நான்கென்று எவரும் சொல்லிவிடலாம். பதினாறு புள்ளி ஒன்றோடொன்று கலந்துபோகும். எண்ணில் சொன்னால், கியூ.பி.எஸ்.கே.யில் ஒரு புள்ளி 45 பாகை வரை சுழன்றாலும் அண்டைப் புள்ளியின் எல்லைக்குள் போகாது. 16-குவாமில் ஒரே வீச்சமுள்ள அண்டைப் புள்ளிகள் சில 37 பாகையை விடவும் நெருக்கமாக நிற்பதால், 18 பாகைச் சுழற்சியே அவற்றை எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். இரைச்சலைப் பொறுத்தவரை, ஒரே குறியீட்டு வேகத்தில் 16-குவாமுக்கு ஏறத்தாழ 7 டெசிபெல் கூடுதலான இரைச்சல் விகிதம் தேவை. 100 கிகாபிட் கியூ.பி.எஸ்.கே.க்கு 13 டெசிபெல் போதுமானால், 200 கிகாபிட் 16-குவாமுக்கு 20 வேண்டும், 400 இசட்.ஆர். தரம் கேட்பது 26.

இனி நம் தடம் எவ்வளவு தருகிறது என்று பார்ப்போம். கணக்கு எளியது: 58 என்ற மாறிலியோடு அலைநீளம் ஒன்றுக்குச் செலுத்தும் வலுவைக் கூட்டி, ஒரு துண்டின் இழப்பையும் பெருக்கியின் இரைச்சல் எண்ணையும் கழித்து, துண்டுகளின் எண்ணிக்கையின் மடக்கையைப் பத்தால் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். ஒரு மில்லிவாற்று செலுத்துகிறோம் (டெசிபெல் கணக்கில் அது பூச்சியம்), பெருக்கியின் இரைச்சல் எண் 5.5, கண்டி முதல் நுவரெலியா வரையான ஒரே துண்டில் ஒட்டுகளும் நிலையத்து இணைப்புப் பலகைகளும் உட்பட 22 டெசிபெல் இழப்பு என்று கொண்டால், விடை 30.5. இருபத்தாறு கேட்கும் 400 இசட்.ஆருக்குக்கூட நாலரை டெசிபெல் மிச்சம். கடதாசியில் இதைப் பார்க்கும் எவரும் அதையே வாங்குவார்.

நானும் அதையே வாங்கப் பரிந்துரைத்தேன். நான் அப்போது பணிபுரிந்த நிறுவனத்தில், இதையொத்த ஒரு தடத்தின் வடிவமைப்பில் கையெழுத்திட்டவன் நான்தான். ஐந்தாறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஐப்பசி மழையில் றம்பொடைக்குக் கீழே மண் சரிந்து, வீதியோடு கேபிளும் போனது. அதற்கென்றே மாற்றுவழி வைத்திருந்தோம்: கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கி, பதுளைக்கு ஏறி, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு, மூன்று துண்டுகள், ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒளி அந்த வழியாக வந்து சேர்ந்தது; வலுவும் சரியாகவே இருந்தது; ஏற்பி மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. திரையில் பதினாறு புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே மங்கலான சதுரம். மேலே சொன்ன கணக்கை மூன்று துண்டுகளுக்குப் போட்டால் 25.7தான் வருகிறது. அதுவும் ஒவ்வொரு துண்டும் புதிதாக இருந்த நாளின் கணக்கு. பல முறை வெட்டுப்பட்டு ஒட்டுப்போட்ட அந்தக் கேபிளில் துண்டுக்கு 25 டெசிபெல் இழப்பு இருந்தது. அப்படியானால் கையில் கிடைப்பது 22.7. விடியும்வரை மலையின் மறுபக்கம் வெளியுலகத் தொடர்பில்லாமல் இருந்தது.

மலைநாட்டில் மண்சரிவு என்றோ ஒரு நாள் நடக்கும் விபத்தல்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் எச்சரிக்கை விடுக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. தொலைத்தொடர்பு மிக அதிகமாகத் தேவைப்படும் நாளும், குறுகிய வழி அறுந்துபோகும் நாளும் இங்கே ஒரே நாளாகத்தான் இருக்கும். ஆகவே, பண்பேற்ற வடிவத்தைக் குறுகிய வழியின் கணக்கைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. நீண்ட வழியின் கணக்கைக் கொண்டு, அதுவும் ஒட்டுப்போட்ட பின்னர் இருக்கும் இழப்பை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அந்த இழப்பு எப்படிச் சேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஒருமுறை மாலை வேளையில், தார்ப்பாயைக் கூரையாகக் கட்டி வான் வண்டியின் பின்கதவில் ஒட்டும் இயந்திரத்தை வைத்து, எங்கள் தொழில்நுட்பவியலாளர் பன்னிரண்டு இழைகளையும் ஒட்டி முடித்தார். இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் 0.02, 0.03 டெசிபெல் என்று காட்டியது. பெட்டியை மூடித் தூணில் ஏற்றிய பின், இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியில் 1550 நனோமீற்றரில் அதே இடத்தில் 0.6 டெசிபெல் இறக்கம். 1625இல் பார்த்தால் அது இரண்டைத் தாண்டியது. நீண்ட அலைநீளத்தில் இழப்புக் கூடினால் அது ஒட்டின் குறையல்ல, வளைவின் குறை. அவர் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சேர், ஜொயின்ட்ல ஒண்ணுமில்ல, தட்டுக்குள்ளதான் மடங்கியிருக்கு" என்று சொல்லி மீண்டும் ஏணியில் ஏறினார். அன்று அவர் கவனித்தார். இருட்டில், கொட்டும் மழையில், அட்டைக் கடியோடு நடக்கும் எல்லா ஒட்டு வேலைகளிலும் இது கவனிக்கப்படுவதில்லை. அதற்காக அந்த மனிதர்களைக் குறை கூறவும் நான் தயாரில்லை. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு டெசிபெல் வீதம் தடம் தேயும் என்று வடிவமைப்பில் எழுதிவிடுவதே நேர்மை.

வலுவைக் கூட்டிச் செலுத்தினால் என்ன என்று கேட்பார்கள். ஓர் எல்லைக்கு மேல் ஒளியே இழையின் முறிவுச்சுட்டியை மாற்றத் தொடங்கி, தன் அவத்தையையும் அண்டை அலைநீளங்களின் அவத்தையையும் குழப்பும். பதினெட்டுப் பாகைக்கே தடுமாறும் வடிவம் அங்கே முதலில் விழும். இதே காரணத்தால், பழைய 10 கிகாபிட் அலைநீளங்களுக்குப் பக்கத்திலேயே கொஹீரன்ட் அலைநீளத்தை வைக்கவும் கூடாது. அணைந்து ஏறும் அவற்றின் வலு, பக்கத்திலுள்ளதன் அவத்தையை உலுக்கும். இரண்டுக்கும் நடுவில் சில பாதைகளைக் காலியாக விட வேண்டும்.

மின்னலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மலைச்சரிவுகளில் தவறாமல் வரும். உயரழுத்த மின்கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள் வைக்கப்பட்ட இழைகளில், மின்னல் ஓட்டத்தின் காந்தப்புலம் ஒளியின் முனைவாக்கத்தைச் செக்கனுக்குப் பல மில்லியன் றேடியன் வேகத்தில் சுழற்றிவிடக் கூடும். இரு முனைவாக்கங்களையும் பிரித்தெடுக்கும் சில்லு அந்த வேகத்தில் பின்தொடர முடியாவிட்டால் சில கணங்கள் பிழைகள் குவியும். இது கியூ.பி.எஸ்.கே.க்கும் 16-குவாமுக்கும் பொதுவான சோதனை. ஆனால் மிச்ச டெசிபெல் கையில் இருப்பவர் பிழைதிருத்தக் குறிமுறையின் துணையோடு அதைக் கடந்துவிடுவார், விளிம்பில் நிற்பவர் விழுவார். தடத்தின் ஒரு பகுதியேனும் மின்கோபுர வழியாகப் போகுமானால், முனைவாக்கத்தைப் பின்தொடரும் வேகம் எவ்வளவு என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். 200 கிகாபிட்டை இரண்டு விதமாக அனுப்பலாம். ஒன்று, 30 கிகாபோட்டில் 16-குவாம். மற்றது, 60 கிகாபோட்டில் கியூ.பி.எஸ்.கே. போய்ச்சேரும் தரவு இரண்டிலும் ஒன்றே. முதலாவது 50 கிகாஹேர்ட்ஸுக்குள் அடங்கும்; ஆனால் 20 டெசிபெல் கேட்கும். இரண்டாவது 75 கிகாஹேர்ட்ஸ் அகலம் எடுக்கும். ஆனால் 16 டெசிபெலோடு திருப்தியடையும். கொழும்பைக் கடலடிக் கேபிள் நிலையங்களோடு இணைக்கும் நெரிசலான இழையில் முதலாவதை எடுப்பதற்கு நியாயம் இருக்கலாம். எர்பியம் பெருக்கியின் பட்டையில் 50 கிகாஹேர்ட்ஸ் கணக்கில் தொண்ணூற்றுச் சொச்சம் பாதைகள் உண்டு. மலையகத் தடங்களில் நான் பார்த்தவரை அவற்றில் எரிவது பத்துக்கும் குறைவு. காலியாகக் கிடக்கும் நிலத்தில் வீட்டை ஏன் நெருக்கிக் கட்ட வேண்டும்? இருபத்தைந்து கிகாஹேர்ட்ஸைக் கூடுதலாகக் கொடுத்து நான்கு டெசிபெலை வாங்குவது இங்கே மிக மலிவான வியாபாரம். ஒட்டுப்போட்ட மாற்றுவழியின் 22.7 டெசிபெலில் 200 கிகாபிட் 16-குவாமுக்கு 2.7 மிச்சம், அது மூன்று மழைக்காலம்கூடத் தாங்காது. கியூ.பி.எஸ்.கே.க்கு 6.7 மிச்சம், அதை வைத்து நிம்மதியாக இருக்கலாம்.

கருவியைப் பொறுத்தவரை, 400 இசட்.ஆர். மட்டும் தெரிந்த செருகியை விடுத்து, ஓப்பன் இசட்.ஆர். பிளஸ் வகையை வாங்குவதே சரி. அது 400க்கு 16-குவாமையும், 300க்கு 8-குவாமையும், 200க்கும் 100க்கும் கியூ.பி.எஸ்.கே.யையும் பேசும், பிழைதிருத்தக் குறிமுறையும் வலிமையானது. செருகி ஒன்று 15 முதல் 20 வாற்று வரை இழுக்கும் என்பதால், மின்வெட்டு நேரத்தில் பற்றரியில் ஓடும் சிறு நிலையங்களுக்கும் பெரிய சுமை இல்லை. அதைக் கண்டி நுவரெலியாத் தடத்தில் 200 கிகாபிட் கியூ.பி.எஸ்.கே.யில் நிறுத்தி வைத்து, தேவை இரட்டித்தால் இரண்டாவது அலைநீளத்தை ஏற்ற வேண்டும். முதலாவதை 400க்கு உயர்த்தக் கூடாது. குறுகிய வழியில் 400ஆக ஓடவிட்டு, வெட்டுப்பட்டால் 200க்கு இறக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தொழில்நுட்பத்தில் அது முடியும். ஆனால் வடிவத்தை மாற்றும்போது இணைப்பு ஒருமுறை விழுந்தே எழும். ரவுட்டரின் இரு முனைகளிலும் அமைப்பை மாற்ற வேண்டும். மறுமுனைக்குப் போகும் தொடர்பே அறுந்திருக்கும் இரவில் அதைச் செய்வது யார் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கோ பண்டாரவளையிலிருந்து பதுளைக்கோ போகும் குறுந்துண்டுகளில், மாற்றுவழியும் குறுகியதாகவே இருந்தால், 400 கிகாபிட் 16-குவாமைத் தயங்காமல் போடலாம். தோட்டத்துக் கோபுரங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பிரியும் கிளைகளில் பழைய 10 கிகாபிட் டோர்ச் முறையே இன்னும் பல ஆண்டுகளுக்குப் போதும். அவற்றைத் தனி இழையில் வைத்தால் கொஹீரன்ட் அலைநீளங்களையும் தொந்தரவு செய்யாது.

எதைத் தெரிவுசெய்தாலும், கருவியைப் பொறுப்பேற்கும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் குறுகிய வழியை வேண்டுமென்றே கழற்றி, நீண்ட வழியில் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு, திருத்தத்துக்கு முந்தைய பிழைவீதத்தைப் பதிந்து, பின்னர் ஒளித் தணிப்பி ஒன்றைச் செருகி இணைப்பு விழும்வரை டெசிபெல் டெசிபெலாகக் கூட்டிப் பாருங்கள். எத்தனையாவது டெசிபெலில் அது விழுந்தது என்பதை நிலையத்தின் கதவுக்குப் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த மழையில் ஏணியில் ஏறப் போகிறவருக்கு அந்த எண் வேண்டும்.